துறைமுகமும் தேயிலை மலையும்: நிலத்திட்டத்தில் சுற்றாடலுக்கு ஓர் இடம்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் எமது நலன்புரிப் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மாதிரிக் கூட்டங்களில் போஷாக்கு, பிள்ளை மடுவம், சேமலாப நிதி, வீட்டுக் கடன் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் தூரத்து ஊரைப் பற்றியது. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று திட்டம் போடும்போது, தண்ணீர், காடு, கடல் எல்லாவற்றையும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் தலைப்பு. "திருகோணமலைக் கடலுக்கும் எங்க கொழுந்துக் கூடைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மூன்று சம்பந்தம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று, தண்ணீர். ஆக்ரா ஓயா, நானு ஓயா, அட்டன் ஓயா, கொத்மலை ஓயா, உமா ஓயா, பதுளு ஓயா என்று நம்ம மலைகளில் ஓடுகிற ஆறுகள் எல்லாம் மகாவலியில் சேருகின்றன. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. மஸ்கெலியா, காசல்ரீ பக்கத்துத் தண்ணீர் களனி ஆற்றோடு கொழும்புக்குப் போகும். மற்றப்படி மத்திய மலைநாட்டில் பெரும்பகுதித் தோட்டங்களின் கான் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருவது திருகோணமலைக்குத்தான்.

இரண்டு, உறவு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டுப் போன குடும்பங்கள் பல, வவுனியா, கிளிநொச்சி போலவே திருகோணமலை மாவட்டத்திலும் குடியேறின. இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களிலேயே சிலருக்கு அந்தப் பக்கம் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் இருப்பார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். நிலத்திட்டம் என்ற விஷயம் இப்போது தோட்டத்துக்குள்ளும் வந்துகொண்டிருக்கிறது. லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போக வேண்டும், 7 பேர்ச் காணி வேண்டும் என்று கேட்கிறோம். அந்தக் காணி எந்த மலையில், எந்தச் சரிவில், எந்த ஓடைக் கரையில் வரப்போகிறது என்பதைத் தீர்மானிப்பது ஒரு வரைபடம். அந்த வரைபடம் சரியாகப் போடப்படாவிட்டால் என்ன ஆகும், சரியாகப் போட்டால் என்ன கிடைக்கும் என்பதைக் கற்றுக்கொள்ளத் திருகோணமலை நல்ல பாடம்.

திருகோணமலை எப்படிப்பட்ட இடம்?

கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் யாத்திரை போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். சுவாமி மலையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் பெருங்கடல், மறு பக்கம் மலைகளும் காடும் சூழ்ந்த அமைதியான குடா. உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் அது ஒன்று. கொட்டியாரக் குடாவுக்கு அடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று கடலுக்குள்ளேயே இறங்கிப் போகிறது. கரைக்குப் பக்கத்திலேயே கடல் அவ்வளவு ஆழம் என்பதால்தான் திமிங்கிலங்கள் அங்கே கரையை அண்டி வருகின்றன.

அந்தக் குடாவைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களில் கண்டல் காடுகள். கண்டல் மரத்தின் வேர்களுக்கு நடுவில்தான் இறாலும் மீன் குஞ்சும் வளருகின்றன. ஆற்றோடு வரும் வண்டலையும் அந்த வேர்கள் பிடித்து வைக்கின்றன. வடக்கே நிலாவெளிக்கு முன்னால் புறாமலைத் தீவு, அதைச் சுற்றி முருகைக்கல். அந்தத் தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. இன்னும் வடக்கே புல்மோட்டையில் கனிய மணல். தெற்கே வெருகல், சேருவில வயல்கள். மேற்கே கந்தளாய்க் குளம்.

அதே குடாவின் கரையில் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. சீனன்குடாவில் கோதுமை மா ஆலை, சீமெந்து ஆலை. வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைக்கு எண்ணெய் சேர்த்து வைக்கக் கட்டிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதில் ஒரு தாங்கி அழிந்தது. மிச்சம் காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. 2022 ஜனவரியில் அந்தத் தாங்கிகளைப் பங்கிட்டுக்கொள்ள ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. 14 தாங்கிகள் இந்திய எண்ணெய்க் கம்பனிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் என்று பிரித்தார்கள். 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இன்னொரு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன.

ஆக, மீன்பிடி, வயல், உல்லாசப் பிரயாணம், கோயில், கடற்படை, துறைமுகம், ஆலை, எண்ணெய் எல்லாம் ஒரே குடாவைச் சுற்றி. ஆளுக்கு ஆள் அந்த நிலத்தைக் கேட்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில்தான் திட்டம் அவசியம்.

மூடிய குடாவின் ஆபத்து

ஒரு விஷயம் இங்கே கவனிக்க வேண்டும். நம் நாட்டைச் சுற்றிய கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு, ஒரு மீற்றர் கூட வராது. திறந்த கரையில் அலையும் நீரோட்டமும் அழுக்கை இழுத்துக்கொண்டு போகும். உள்துறைமுகம் போல மூன்று பக்கம் மூடிய இடத்தில் தண்ணீர் மெதுவாகத்தான் மாறும். நம்ம தோட்டத்துப் பீலித் தண்ணீரையும் குட்டையில் தேங்கிய தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள். பீலியில் கை கழுவினால் அழுக்கு ஓடிவிடும். குட்டையில் கழுவினால் அங்கேயே கிடக்கும்.

இது சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு குடா இருக்கிறது. அங்கே ஓர் இரசாயன ஆலை பல வருஷம் பாதரசக் கழிவைக் குடாவில் விட்டது. கழிவு மீனில் சேர்ந்தது, மீன் மனிதர் உடம்பில் சேர்ந்தது. கை கால் நடுங்கி, பேச்சுக் குழறி, பிறக்கும் பிள்ளைகளுக்கும் ஊனம் வந்தது. 1956இல்தான் அந்த நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. அதற்கு முன்னாலேயே மீனவக் குடும்பங்களில் பூனைகள் துள்ளித் துள்ளிச் செத்தன. ஆலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கழிவுக்கு அந்தக் குடா இடமில்லை என்று முதலிலேயே தீர்மானித்திருந்தால் அவ்வளவு பேர் பாதிக்கப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் சின்னது, சேர்த்துப் பார்த்தால்?

நம் நாட்டில் சுற்றாடலைக் காக்கச் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1980இன் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. 1988இல் அதைத் திருத்தி, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்றார்கள். எந்தெந்தத் திட்டங்களுக்கு என்று 1993இல் வர்த்தமானியில் பட்டியல் போட்டார்கள். 50 ஹெக்டயருக்கு மேல் நிலம் துப்புரவாக்குவது, ஒரு ஹெக்டயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது, 100 குடும்பங்களுக்கு மேல் கட்டாயமாக இடம்பெயர்த்துக் குடியேற்றுவது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். 30 நாளுக்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். கரையோரத்துக்கு 1981இன் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் தனியாக இருக்கிறது. கடல் ஏறும் எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், கடல்பக்கம் 2 கிலோமீற்றர் அதன் வலயம்.

அப்படியானால் குறை எங்கே? மதிப்பீடு ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஓர் ஆலை வருகிறது, "இதனால் வரும் பாதிப்புச் சிறியது" என்று அறிக்கை வருகிறது. அடுத்த வருஷம் ஒரு இறங்குதுறை, அதற்கும் அதே பதில். பிறகு ஒரு ஹோட்டல், ஒரு மின்நிலையம், ஒரு வீதி. ஒவ்வொன்றும் சின்னது. எல்லாவற்றையும் ஒரே குடா தாங்க வேண்டும்.

இதை உங்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. தராசடியில் ஒவ்வொரு கூடைக்கும் "தண்ணிக் கழிவு ஒரு கிலோ, ரெண்டு கிலோ" என்று வெட்டும்போது அது சின்னக் கணக்குத்தான். மாதக் கடைசியில் செக்ரோலில் கூட்டிப் பார்க்கும்போதுதான் எத்தனை நாள் சம்பளம் போனது என்று தெரியும். சுற்றாடலுக்கும் மாதக் கடைசிக் கணக்கு ஒன்று வேண்டும். அதைத் திட்டம் வரும்போது போட்டால் பிந்திவிடும். முழு மாவட்டத்துக்கும் நிலத்திட்டம் வரையும்போதே போட வேண்டும். இதற்கு மூலோபாய சுற்றாடல் மதிப்பீடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போருக்குப் பிறகு வட மாகாணத்துக்கு இப்படி ஒருங்கிணைந்த மதிப்பீடு ஒன்றைச் செய்து 2014இல் வெளியிட்டார்கள். காடு, நிலத்தடி நீர், கரையோரம், தொல்பொருள் என்று வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எங்கே என்ன செய்யலாம், எங்கே தொடக் கூடாது என்று பார்த்த வேலை அது.

சம்பூர் சொல்லும் பாடம்

முதலிலேயே இதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கொட்டியாரக் குடாவின் தெற்குக் கரையில் உள்ள சம்பூரே சாட்சி. 2006இல் போர் மூண்டபோது சம்பூர் மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அதே 2006 டிசெம்பரில் அங்கே 500 மெகாவோட் நிலக்கரி மின்நிலையம் கட்டுவதற்கு இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. ஊர்க்காரர் அகதி முகாம்களில் இருந்தபோது, அவர்களுடைய நிலத்தின் விதி காகிதத்தில் எழுதப்பட்டது.

நிலக்கரி நிலையம் என்றால் என்னென்ன வேண்டும்? கரி இறக்க இறங்குதுறை வேண்டும். இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல் நீரை இழுத்துச் சூடாக வெளியே விட வேண்டும். எரிந்த சாம்பலைக் கொட்டப் பெரிய நிலம் வேண்டும். குடாவில் சூடான தண்ணீர் சேர்ந்தால் மீன் குஞ்சுக்கும் முருகைக்கல்லுக்கும் கேடு. நம்ம நாட்டிலேயே நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கிய பிறகு, காற்றடிக்கும் மாதங்களில் சாம்பலும் கரித்தூளும் ஊருக்குள் பறப்பதாக மக்கள் பல தடவை முறையிட்டிருக்கிறார்கள். சம்பூரிலும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் உண்டு, வாடைக் காற்று அடிக்கும் மாதங்கள் உண்டு. எந்தக் காற்று எந்த ஊர்ப் பக்கம் வீசும் என்று மீனவருக்கும் விவசாயிக்கும் தெரியும். அந்த அறிவை இடம் தெரிவுசெய்தபோது கேட்டிருக்க வேண்டும்.

2015இல் மக்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். ஊர்க்காரரும் சுற்றாடல் அமைப்புகளும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 2016இல் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வருஷம் செப்டெம்பரில், நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசாங்கம் நீதிமன்றத்தில் அறிவித்தது. பிறகு அதே சம்பூரில் சூரிய மின் திட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் அதன் வேலை ஆரம்பித்து வைக்கப்பட்டது.

இதில் யாருக்கு இலாபம்? மக்கள் பத்து வருஷம் பயத்தில் இருந்தார்கள். அரசாங்கத்துக்குப் பத்து வருஷம் மின்சாரம் இல்லை. முதலீடு செய்ய வந்தவர்களுக்கும் காலம் வீண். கொட்டியாரக் குடாவின் கரையில் இன்னது வரலாம், இன்னது வரக் கூடாது என்று 2006க்கு முன்னாலேயே ஒரு திட்டம் மக்களைக் கேட்டு எழுதப்பட்டிருந்தால், இந்தப் பத்து வருஷமும் எல்லோருக்கும் மிச்சம். சுற்றாடலைக் காப்பது அபிவிருத்திக்கு எதிரி என்று சிலர் சொல்வார்கள். சம்பூரில் அபிவிருத்தியைத் தாமதப்படுத்தியது சுற்றாடல் இல்லீங்க, இடம் பார்க்காமல் போட்ட திட்டம்தான்.

திட்டத்துக்குள் எப்படிச் சேர்ப்பது?

2017இல் திருகோணமலைக்குப் பெருந்திட்டம் வரையும் வேலை சிங்கப்பூரின் சுர்பானா ஜூரோங் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. கொழும்பிலிருந்து திருகோணமலை வரை பொருளாதாரப் பாதை ஒன்றை வளர்ப்பது என்ற எண்ணமும் தேசியத் திட்டங்களில் இருக்கிறது. திட்டத்தை யார் வரைந்தாலும் அதற்குள் சில படிகள் இருக்க வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதற்படி, இருப்பதைக் கணக்கெடுப்பது. எங்கே காடு, எங்கே கண்டல், எங்கே வெள்ளம் ஏறும், எங்கே குடிதண்ணீர் ஊறுகிறது, எந்தக் கரையில் வலை இழுக்கிறார்கள், எங்கே மாடு மேய்கிறது என்று வரைபடத்தில் குறிப்பது. மேய்ச்சல் நிலத்தையும் கரைவலைப் பாட்டையும் "வெறும் நிலம்" என்று வரைபடத்தில் போட்டுவிட்டால், பிறகு அதை யாருக்கும் கொடுக்கலாம் என்று ஆகிவிடும்.

இரண்டாம் படி, தொடக் கூடாத இடங்களைப் பிரிப்பது. கண்டல், முருகைக்கல், ஆற்று வாய், யானை போகும் பாதை. இவற்றுக்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி வலயம் விட வேண்டும்.

மூன்றாம் படி, மற்ற நிலத்தைத் தரம் பிரிப்பது. எண்ணெய், சீமெந்து போன்றவை ஏற்கெனவே இருக்கும் சீனன்குடாப் பக்கத்தில் சேர்ந்து இருப்பது நல்லது. புதுக் கரைகளைக் கெடுக்கத் தேவையில்லை. கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையமும் எண்ணெய் சிந்தினால் தடுக்கும் ஏற்பாடும் முதலில், ஆலை பிறகு.

நான்காம் படி, கூட்டுக் கணக்கு. இந்தக் குடா மொத்தமாக எவ்வளவு கழிவு தாங்கும் என்று ஓர் எல்லை வைத்து, புது அனுமதி ஒவ்வொன்றையும் அந்த எல்லைக்குள் கொடுப்பது.

ஐந்தாம் படி, மக்கள். இது கடைசியில் வருவதால் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

கேட்காமல் போட்ட கோடு

2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர் எல்லாம் பெரும் அழிவைக் கண்டன. அதற்குப் பிறகு, கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் கோடு போட்டது. உயிரைக் காக்கும் எண்ணம் நல்லது. ஆனால் மீனவரைக் கேட்கவில்லை. வள்ளத்தையும் வலையையும் கடற்கரையில் விட்டுவிட்டு உள்நாட்டில் போய் எப்படித் தூங்குவது? மாற்று நிலமும் எல்லோருக்கும் இல்லை. ஹோட்டல்களுக்கு ஒரு நியாயம், குடிசைக்கு ஒரு நியாயமா என்ற கேள்வியும் எழுந்தது. ஒரு வருஷத்துக்குள் அந்தக் கோட்டைத் தளர்த்த வேண்டி வந்தது.

இன்னொரு உதாரணம் அண்மையில் நடந்தது. 2025இல் திருகோணமலை முத்துநகர் விவசாயிகள், தாங்கள் பயிர் செய்துவந்த நிலம் சூரிய மின் திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் போராடினார்கள். துறைமுக அதிகார சபைக்குரிய நிலம் என்பது அரசின் கணக்கு. வயல் என்பது விவசாயியின் கணக்கு. சூரிய மின்சாரம் நல்லது என்பதில் சந்தேகமில்லை. நல்ல காரியத்துக்கும் இடம் பார்க்க வேண்டும் என்பதைத்தான் முத்துநகர் காட்டுகிறது. சுற்றாடலைக் காப்பது என்றால் மரத்தையும் மீனையும் மட்டும் காப்பது இல்லை. அதை நம்பிச் சோறு தின்கிற ஆட்களையும் சேர்த்துத்தான்.

மேலே நாம், கீழே அவர்கள்

இனி நம்ம பக்கம் வருவோம். 2025 நவம்பர் கடைசியில் வந்த தித்வா புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து லயங்களும் வீடுகளும் மண்ணுக்குள் போயின. அந்த மழைத் தண்ணீர்தான் மகாவலியில் இறங்கிக் கீழே போனது. திருகோணமலை மாவட்டத்தில் மாவிலாற்று அணைக்கரை உடைந்து, வெருகல், மூதூர், சேருவில பக்கத்து மக்கள் வெள்ளத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள். மேலே மண்சரிவு, கீழே வெள்ளம். ஒரே மழை, ஒரே ஆறு.

மண்ணும் அப்படித்தான் போகிறது. கான் தூர்ந்து போனால், கவ்வாத்து வெட்டிய மலை மூடாக்கு இல்லாமல் கிடந்தால், மேல்மண் ஓடையில் இறங்கும். அதில் ஒரு பங்கு பொல்கொல்லை, ரந்தெம்பை போன்ற அணைகளில் படிந்து தண்ணீர் நிற்கும் இடத்தைக் குறைக்கிறது. மிச்சம் கீழே போகிறது. கலங்கிய தண்ணீர் கடலுக்குள் போனால் வெளிச்சம் கிடைக்காமல் கடற்புல்லும் முருகைக்கல்லும் வாடும். மருந்தடித்த கேனை ஓடையில் கழுவினால் அதுவும் அதே வழியில்தான் போகும். ஆகவே திருகோணமலைக்குத் திட்டம் போடுகிறவர்கள் மாவட்ட எல்லையோடு நிற்க முடியாது. மகாவலியின் மேட்டுநிலமும் அந்தத் திட்டத்தில் ஒரு பங்கு. அந்த மேட்டுநிலத்தில் வேலை செய்கிறவர்கள் நாம்தான்.

மீரியபெத்தையை மறக்கலாமா?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடிதத்தில் இருந்தது. போய்க் குடியிருக்க வேறு இடம் எந்தத் திட்டத்திலும் இல்லை. வேலைக்குப் போகாமல் முடியாது, வீட்டை விட்டால் வேறு கூரை இல்லை என்றால், எச்சரிக்கை கேட்டு எங்கே போவது? நிலத்திட்டத்தில் எழுதப்படாத எச்சரிக்கை ஆளைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

முன்பு "தோட்டம் கம்பனிக்குரியது, பிரதேச சபை உள்ளே வந்து செலவு செய்ய முடியாது" என்று பதில் சொல்லி அனுப்பினார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த அந்தத் தடை 2018இல் திருத்தப்பட்டது. இப்போது பிரதேச சபை தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம். அந்த வருஷமே மலையகப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கும் சட்டம் வந்தது. புயலுக்குப் பிறகு பல குடும்பங்களுக்கு மாற்று இடம் தேட வேண்டியிருக்கிறது. இந்த நேரத்தில் அவசரத்தில் எந்தச் சரிவில் எந்த வீட்டைக் கட்டுகிறார்கள் என்று நாம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு தடவை கட்டிய வீட்டில் மூன்று தலைமுறை இருக்கப்போகிறது.

நாம் செய்யக்கூடியவை

வீட்டுக்குப் போனதும் மறந்துவிடாமல் இருக்கச் சிலவற்றை இலக்கமிட்டுச் சொல்கிறோம்.

1. புது வீடமைப்புக்கு இடம் காட்டினால், அந்த இடத்துக்கு மண்சரிவு அபாய அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்ப் பேச்சை நம்ப வேண்டாம், அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

2. குடிதண்ணீர் ஊற்றுக்கு மேலே மலசலகூடக் குழியும் மாட்டுக் கொட்டிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊற்றைச் சுற்றியுள்ள மரங்களை வெட்ட விடாதீர்கள். வரைபடத்தில் ஊற்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

3. ஓடைக் கரையிலும் சரிவான வெற்று இடத்திலும் மானாப்புல் நடுங்கள். கான் துப்புரவு செய்யும் வேலையைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். அது கூலி வேலையும் ஆகும், பாதுகாப்பும் ஆகும்.

4. பிரதேச சபையோ நகர அபிவிருத்தி அதிகார சபையோ திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தால், தமிழில் விளக்கம் கேளுங்கள். மாதர் சங்கத்திலிருந்தும் இளைஞரிலிருந்தும் குறைந்தது இரண்டு பேர் கூட்டத்துக்குப் போங்கள். தண்ணீர் எங்கே வற்றும், எங்கே பொங்கும் என்பது தண்ணீர் தூக்குகிற பெண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

5. பதில் தராமல் இழுத்தடித்தால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுங்கள். தமிழிலேயே கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அந்த அலுவலகம் தன் முடிவைச் சொல்ல வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் எமது நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

6. மழைக்காலத்தில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனம், 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேற்றம் என்பது கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு மழைமானி வைத்து, பார்த்து எழுத ஒருவரை நியமிக்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். வெளியேறினால் எங்கே போய்த் தங்குவது என்பதையும் இப்போதே பேசி முடிவெடுங்கள்.

திருகோணமலை மக்கள் பத்து வருஷம் போராடித்தான் ஒரு கரையைக் காப்பாற்றினார்கள். அவ்வளவு காலம் போராடாமல், திட்டம் பென்சிலில் இருக்கும்போதே நம்ம சொல்லை அதில் எழுத வைப்பது சுலபம். மையால் எழுதின பிறகு அழிப்பது கஷ்டம், கட்டின பிறகு இடிப்பது அதைவிடக் கஷ்டம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் டிவிஷனில் உள்ள ஊற்று, ஓடை, சரிவு, வெடிப்பு விழுந்த நிலம் எல்லாவற்றையும் ஒரு தாளில் கீறிக்கொண்டு வாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துக் கீறினால் போதும், அழகு முக்கியமில்லை. எல்லா டிவிஷன் தாள்களையும் சேர்த்துப் பிரதேச சபைக்குக் கையளிக்கும் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.